38,000 கி.மீ. தான் ஓடியிருக்கு, ஆனா ஆயில் மூடிக்குள்ள கருப்பு பிசுக்கு – நல்ல ஆயில் ஊத்தினா தானா கிளீன் ஆயிடுமா?

சத்துவாச்சாரி_வேகன்:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் வேகன் ஆர் எடுத்தேன், 2013 மாடல், பெட்ரோல், 1.0 கே சீரிஸ் இன்ஜின். சிங்கிள் ஓனர், காட்பாடி காந்தி நகர்ல ரிட்டயர்ட் ஆன ஒரு சார் வெச்சிருந்தது, மீட்டர்ல வெறும் 38,000. 12 வருஷத்துக்கு 38,000னா பொத்தி வெச்ச வண்டி, விட்டா வேற எவனாவது தூக்கிட்டு போயிடுவான்னு ரொம்ப யோசிக்காம அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன். சீட் கவர்லாம் கூட புதுசு மாதிரி தான் இருக்கு, வாசல்லயே நிழல்ல நிக்கிற வண்டி.

ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கமேன்னு பானட்ட தூக்கி ஸ்டிக் எடுத்து பாத்தேன், லெவல் ஓகே, கலர் கருப்பு, சரி அது எல்லா வண்டியிலயும் அப்படித்தானேன்னு விட்டேன். அப்புறம் ஆயில் ஊத்துற மூடிய திறந்தா அடியில வெல்லப்பாகு ஆறி இறுகிப்போனா மாதிரி ஒரு திட்டு. விரல்ல தொட்டா கண் மை மாதிரி ஒட்டிக்கிட்டு வருது, சோப்பு போட்டு கழுவியும் நகக்கண்ணுல இன்னும் இருக்கு. ஒரு ஓரத்துல மட்டும் டீ ஆடை மாதிரி பழுப்பா நுரை. மொபைல் டார்ச் அடிச்சு ஓட்டை வழியா உள்ள பாத்தேன், தெரியுற வரைக்கும் சுவரெல்லாம் அதே கருப்பு பூச்சு தான். மனசே விட்டுப்போச்சு.

மூணு பேர்கிட்ட கேட்டேன், மூணு பதில். எங்க தெரு முனையில இருக்கிற ஷெட்ல இன்ஜின் ஃபிளஷ் ஒரு டப்பா ஊத்தி 15 நிமிஷம் ஓட விட்டு எறக்கினா எல்லாம் வந்துடும்ங்கறார். எங்க மாமா அம்பாசடர் காலத்து ஆளு, அவர் ஒரு லிட்டர் டீசல் ஊத்துடா போதும்ங்கறார். சர்வீஸ் சென்டர்ல இருந்த பையன், இப்ப வர்ற ஃபுல்லி சிந்தெடிக்ல கிளீனிங் ஐட்டம் உள்ளயே இருக்கு சார், அத ஊத்தி ஓட்டுங்க, ரெண்டு சர்வீஸ்ல உள்ள கண்ணாடியாயிடும்ங்கறான். மூணாவது தான் கேக்க நல்லா இருக்கு, ஆனா நிஜமாவே இந்த காலத்து ஆயில் அப்படி பழைய அழுக்க கழுவுமா? இல்ல வித்துட்டு போறதுக்கு சொல்றானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வண்டி சத்தம் எதுவும் இல்ல, புகை இல்ல, நல்லாவே போகுது.

பாலாறு_டாக்ஸி:

நைனா, 38,000 கேட்டதும் நீ ஏமாந்துட்ட போ. கம்மியா ஓடின வண்டி தான் உள்ள நாறிக்கினு கீது, இத நான் எத்தினி பேருக்கு சொல்லிகினு கீறேன் யாரும் கேக்கறதில்ல. அந்த சார் வண்டிய எங்க ஓட்டியிருப்பாரு சொல்லு பாப்போம்? காந்தி நகர்லேந்து காட்பாடி ஸ்டேஷன், அப்பால ஊடு. காய் வாங்க ஒரு ரவுண்டு, கோயிலுக்கு ஒரு ரவுண்டு. ரெண்டு கி.மீ. மூணு கி.மீ. தான். இன்ஜின் சூடாவறதுக்குள்ள சாவிய எட்த்து ஊட்டுக்குள்ள போயிடுவாரு.

என் வண்டிய கேளு. எட்டியோஸ் டீசல், 3,40,000 தாண்டிச்சு. பாதி ஓட்டம் வேலூர் டு சென்னை ஏர்போர்ட், மீதி திருப்பதி, பெங்களூரு. காலைல 3 மணிக்கு ஆஸ்பத்திரி பார்ட்டிய ஏத்திகினு கெளம்புனா வாலாஜா டோல் தாண்றதுக்குள்ள ஆயிலு நல்லா கொதிக்கும், அப்பால ரெண்டு மணி நேரம் அதே சூட்டுல ஓடும். 2,90,000ல இன்ஜின மேல மூடிக்கினு கீற டேப்பட் கவர் கேஸ்கெட் கசிவு வந்து கவர தூக்கினாங்கோ, நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். கருப்பு ஆயில் தான் இருந்துச்சு, டீசல் வண்டி வேற எப்படி இருக்கும், ஆனா துணியால ஒரு இழு இழுத்தா கீழ இரும்பு சோக்கா பளிச்சுன்னு கீது. ஒரு சொரண்டு சொரண்டற அளவுக்கு கூட கரி இல்ல. நான் ஊத்தறது ஒண்ணும் பெரிய ஆயில் இல்ல பா, புக்குல போட்ட கிரேடு, கடைல சீல் பாத்து வாங்கறது, 10,000த்துக்கு ஒரு தபா கண்டிப்பா மாத்திடுவேன். ஆயிலு பாதி வேலை தான் செய்யும், மீதி வேலைய ரோடு தான் செய்யும்.

சத்துவாச்சாரி_வேகன்:

அண்ணா நீங்க சொன்னத படிச்சதும் சர்வீஸ் புக்க எடுத்து மறுபடி பாத்தேன். 12 வருஷத்துல ஆயில் மாத்தினது மொத்தம் அஞ்சே தடவை. கடைசி ரெண்டுக்கும் நடுவுல மூணு வருஷத்துக்கு மேல கேப், ஆனா கி.மீ. பாத்தா 7,000 கூட ஆகல. அவரு கணக்குப்படி 10,000 ஆகல, மாத்தல. தப்பு சொல்ல முடியல. ஆனா வெயில் ஊரு தானே நம்மளது, அக்னி நட்சத்திரத்துல பானட் மேல முட்டை உடைச்சு ஊத்தினா வெந்துடும், இங்க கூடவா இன்ஜின் சூடாகாது?

கெமிஸ்ட்ரி_மேம்:

தம்பி, நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறேன், வண்டி ரிப்பேர் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ஆயிலுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரர் வண்டியில இதே மாதிரி பழுப்பு நுரை பாத்துட்டு நான் தேடித்தேடி படிச்சது.

முதல்ல அந்த சூடு விஷயம். வெளிய 42 டிகிரி இருந்தாலும் அது ஆயிலுக்கு பச்சத்தண்ணி தான். ஆயில் 90, 100 டிகிரிக்கு போய் கொஞ்ச நேரம் நின்னாதான் அதுல சேர்ந்த ஈரம் ஆவியாகும். டாஷ்போர்டுல முள்ளு நடுவுக்கு வந்துடுச்சுன்னா கூலன்ட் சூடாயிடுச்சுன்னு தான் அர்த்தம், ஆயில் அதுக்கப்புறம் நிதானமா தான் வரும், கால் மணி இருபது நிமிஷம் ஓடணும்னு வெச்சுக்கோங்க. ஸ்டேஷன் வரைக்கும் போறதுக்கு எத்தனை நிமிஷம்? ஆறு? ஏழு?

சரி ஈரம் எங்கேருந்து வருதுன்னு கேப்பீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது. என் ஸ்டூடன்ட்ஸ் நம்பவே மாட்டாங்க, ஈக்வேஷன போர்டுல போட்டு காட்டினதும் தான் வாய மூடுவாங்க. அதுல பெரும்பகுதி சைலன்ஸர் வழியா போயிடும், காலைல சைலன்ஸர்ல தண்ணி சொட்டுறது அதுதான். ஆனா எரிஞ்ச கேஸ்ல கொஞ்சம் பிஸ்டன் ரிங் சந்துல கசிஞ்சு கீழ ஆயில் தேங்கி நிக்கிற சேம்பருக்குள்ள எறங்கும், அதோட தண்ணி, பாதி எரிஞ்ச பெட்ரோல், ஆசிட், புகைக்கரி எல்லாம் சேர்ந்தே எறங்கும். இன்ஜின் சூடா ஓடினா ஈரம் ஆவியாகி பிசிவி வால்வ்ங்கற சின்ன காத்து வால்வ் வழியா திரும்ப இழுக்கப்பட்டு எரிஞ்சு போயிடும். சூடாகலைன்னா அங்கயே உக்காந்துக்கும். மூடியில நீங்க பாத்த டீ ஆடை அது தான், ஆயிலும் தண்ணியும் கடைஞ்ச நுரை. கருப்பு பிசுக்கு அதோட அடுத்த கட்டம்.

இப்ப ஆயில் கிளீன் பண்ணுமான்னு கேட்டீங்கல்ல. ஆயில்ல சேர்க்கற மருந்துல ரெண்டு சாமான் இதுக்குன்னே இருக்கு. ஒண்ணு டிடர்ஜென்ட், கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த உப்பு மாதிரி, இது ஆசிட்ட அடக்கும், சூடான பிஸ்டன் பக்கம் கரி ஒட்டாம பாத்துக்கும். இன்னொண்ணு டிஸ்பர்சன்ட், இது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஒரு தலை, ஒரு வால் உள்ள மூலக்கூறு, தலை கரித்துகள்ல போய் ஒட்டிக்கும், வால் ஆயில்ல மிதக்கும், இப்படி ஒரு துகளை சுத்தி நூத்துக்கணக்குல சூழ்ந்துக்கிட்டா அந்த துகள் இன்னொரு துகளோட சேரவே முடியாது. சேர முடியலைன்னா கட்டியாகாது, கட்டியாகலைன்னா எங்கயும் படியாது, ஆயிலோடவே சுத்திக்கிட்டு இருந்து ஆயில் மாத்தும்போது வெளிய வந்துடும். எண்ணெய் தலைக்கு சீயக்காய் போட்டா அழுக்கு தலைய விட்டு தண்ணியோட போகுதே, கிட்டத்தட்ட அந்த வேலை. அதனால தான் நல்ல ஆயில் சீக்கிரம் கருக்கும். அந்த துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் ரொம்ப கீழ, ஃபில்டர் பிடிக்கிறது அத விட பல மடங்கு பெருசான துகள, அதனால கருப்ப ஃபில்டரால எடுக்க முடியாது. ஆயில் மாத்தி 1,000 கி.மீ.ல கருத்துடுச்சு, டூப்ளிகேட் குடுத்துட்டான்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போறவங்கள நான் பாத்திருக்கேன். கருக்காம தேன் மாதிரியே இருந்தா தான் அழுக்கு எங்க போச்சுன்னு யோசிக்கணும்.

ஆனா இந்த மருந்துக்கு ஒரு அளவு இருக்கு. அளவுக்கு மேல துகள் சேர்ந்துட்டா சுத்தி நிக்க ஆள் இல்ல, அப்போ கட்டியாக ஆரம்பிச்சுடும். மூணு வருஷம் ஒரே ஆயில்னா அது எப்பவோ தீர்ந்து போயிருக்கும், கி.மீ. ஓடலைன்னாலும்.

ஆம்பூர்_20டபிள்யூ40:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க, நான் எங்க அப்பா வாங்கின மாருதி 800 வெச்சிருக்கேன், 1998 மாடல், இத்தனை வருஷமும் 20டபிள்யூ-40 மினரல் ஆயில் தான், இன்னிக்கும் ஸ்டார்ட் பண்ணா ஒரு சுத்துல புடிக்குது. சிந்தெடிக்லாம் காசு பறிக்கிற வேலை. நம்ம ஊரு வெயிலுக்கு திக் ஆயில் தான் தாங்கும், 5டபிள்யூ, 0டபிள்யூ எல்லாம் பனி கொட்டுற நாட்டுக்காரனுக்கு. ஃபிளஷ்ஷும் வேணாம் ஒண்ணும் வேணாம், திக் ஆயில் ஊத்தி ஓட்டுங்க.

ஷெட்டு_ராணிப்பேட்டை:

ஆம்பூர் பாய், உங்க 800க்கு அது சரி. அந்த இன்ஜினுக்கு அந்த காலத்துல புக்லயே அப்படித்தான் போட்டிருந்தாங்க. ஆனா கே சீரிஸ்ல ஆயில் போற வழி எல்லாம் சின்னது, அதுல செயின தொய்யாம பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல நிக்குது, அதுக்கு திக் ஆயில் ஊத்தினா காலைல ஸ்டார்ட் பண்ணதும் மேல போய் சேரவே நேரம் எடுக்கும். அப்புறம் அந்த நம்பருக்கும் கிளீனுக்கும் சம்பந்தமே இல்ல. 20டபிள்யூ-40ங்கறது எவ்ளோ கெட்டிங்கற கணக்கு. உள்ள மருந்து எவ்ளோ இருக்குங்கறத டப்பா பின்னாடி ஏபிஐன்னு (அமெரிக்க பெட்ரோலிய சங்கத்தோட தர ரேட்டிங்) போட்டு எஸ்எல், எஸ்என், எஸ்பின்னு எழுதியிருப்பான் பாருங்க, அது தான் சொல்லும். எஸ்எல் வந்தது 2001, எஸ்என் 2010, எஸ்பி 2020. எழுத்து பின்னாடி போக போக புதுசு. வெயிலுக்கு திக்குன்னு சொல்றீங்களே, டெல்லியில இருந்தாலும் வேலூர்ல இருந்தாலும் தெர்மோஸ்டாட் இன்ஜின ஒரே சூட்டுல தான் வெச்சிருக்கும், தெர்மோஸ்டாட்ட பிடுங்கி போட்டுட்டு ஓட்டறவங்களுக்கு மட்டும் வேற கணக்கு. அப்படி பிடுங்கி விடற புண்ணியவான்களும் நம்ம ஏரியாவுல இருக்காங்க, அந்த வண்டியெல்லாம் சூடே ஆகாம பிசுக்கு கட்டிக்கிட்டு என்கிட்ட தான் வரும்.

இப்ப சத்துவாச்சாரி தம்பிக்கு. ஃபிளஷ் ஊத்தாதீங்க. ஏன் சொல்றேன்னா நான் ஊத்தி பட்டவன். ஏழெட்டு வருஷம் முன்னாடி ஒரு கஸ்டமர் வண்டி, உங்க வண்டி மாதிரியே கம்மி ஓட்டம், மூடிக்குள்ள இதே மாதிரி பிசுக்கு. எனக்கும் அப்ப அவ்ளோ தெரியாது, கடைக்காரன் குடுத்த ஃபிளஷ் டப்பாவ ஊத்தி 15 நிமிஷம் ஐடில்ல விட்டு எறக்கினேன், வந்த ஆயில் தார் மாதிரி, அடடா என்ன மாதிரி வேலை செய்யுதுன்னு கஸ்டமரையே கூப்பிட்டு காட்டினேன். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு அனுப்பிட்டேன். மறுநாள் குடும்பத்தோட ஏலகிரி கெளம்பியிருக்காரு, பள்ளிகொண்டா டோல்கிட்ட ஆயில் லைட் எரியுதுன்னு போன். நல்ல வேளை உடனே நிறுத்திட்டாரு. டோ பண்ணி கொண்டாந்து சேம்பர கழட்டினேன். அடியில ஆயில் பம்பு உறிஞ்சற இடத்துல ஒரு ஜாலி இருக்கும், டீ வடிகட்டி மாதிரி தான், அதுல முக்கால்வாசி கருப்பு செதில் அடைச்சிருக்கு. நான் ஊத்தின ஃபிளஷ் மேல இருந்த அழுக்க கரைக்கல, உரிச்சு விட்டிருக்கு. உரிஞ்சது எறங்கும்போது வெளிய வரல, ஜாலிக்கு போய் சேர்ந்துடுச்சு. அந்த வேலைக்கு நான் கூலி வாங்கல.

டீசல் ஊத்தறதும் அதே கதை தான், அதுல இன்னும் ஒரு படி மேல, பேரிங்குக்கு ஆயில் படலமே இல்லாம பண்ணிடும். மாமாவ தப்பா சொல்லல, அம்பாசடர் இன்ஜின் தாங்கிச்சு, அந்த காலத்து ஆயில்ல மருந்தும் கம்மி, வேற வழியும் இல்ல.

கெமிஸ்ட்ரி_மேம்:

ஷெட்டு சார் சொன்ன "உரிச்சு விட்டிருக்கு" தான் விஷயமே. நான் முன்னாடி சொல்லாம விட்டத இப்ப சேர்த்துடறேன். ஆயில் கம்பெனி டப்பாவுல "கீப்ஸ் இன்ஜின் கிளீன்"னு போடறது பொய் இல்ல, ஆனா அத நாம படிக்கற விதம் தப்பு. அமெரிக்காவுல ஆயிலுக்கு எஸ்பி ரேட்டிங் குடுக்கறதுக்கு சீக்வென்ஸ் விஹெச்னு ஒரு ஸ்லட்ஜ் (அதான் இந்த பிசுக்கு) டெஸ்ட் வெச்சிருக்காங்க, 216 மணி நேரம், கொஞ்சம் கூல், கொஞ்சம் ஹாட்னு மாத்தி மாத்தி ஓட்டுவாங்க, நம்ம ஸ்டேஷன் ஓட்டத்த லேப்ல பண்ற மாதிரின்னு வெச்சுக்கோங்க. முடிஞ்சதும் இன்ஜின பிரிச்சு வெச்சு, டேப்பட் கவர் எல்லாத்தையும் கண்ணால பாத்து பத்துக்கு இவ்ளோன்னு மார்க் போடுவாங்க, பத்துன்னா சுத்தம். நம்ம ப்ராக்டிகல் எக்ஸாம் மாதிரி தான். ஆனா கவனிங்க, டெஸ்ட் ஆரம்பிக்கிறது சுத்தமா இருக்கிற இன்ஜின்ல. சுத்தமான இன்ஜின அழுக்காகாம வெச்சுக்குதான்னு தான் பாக்குறாங்க. 12 வருஷ அழுக்க குடுத்து கழுவுடா பாப்போம்னு யாரும் அந்த டெஸ்ட்ல கேக்கல.

டிடர்ஜென்ட் ஆயில் வந்த கதையும் அதே தான். 1930கள்ல கேட்டர்பில்லர் டீசல் இன்ஜின்கள்ல பிஸ்டன் ரிங் கரியில ஒட்டிக்கிட்டு நின்னு போச்சு, அப்ப இருந்த ஆயில் வெறும் ஆயில், மருந்து கிடையாது, அதுக்காகத்தான் மருந்து சேர்க்க ஆரம்பிச்சாங்க, ரிங் ஒட்டாம இருக்கறதுக்கு. அப்புறம் 1980கள்ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் பிளாக் ஸ்லட்ஜ்னு பெரிய தலைவலி வந்து தான் எஸ்ஜின்னு கடுமையான ரேட்டிங் 1980கள் கடைசியில வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வராம தடுக்கறது தான் நோக்கம்.

பழசு கொஞ்சம் கொஞ்சமா கரையுமான்னா, மெத்துன்னு இருக்கிற பிசுக்கு கரையும், நல்ல ஆயில்ல நிதானமா கரையும், தடவைக்கு கொஞ்சம். சூட்டுல வெந்து வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கிட்டதும், கல்லு மாதிரி இறுகினதும் சாதாரண ஆயிலுக்கு அசையாது. வால்வோலின் இப்ப அமெரிக்காவுல பிஸ்டன் கரிய எடுக்கும்னு சொல்லியே ஒரு ஆயில் விக்கிறாங்க, அவங்களே கூட ஒரே தடவையில நடக்கும்னு சொல்லல, நாலு ஆயில் சேஞ்ச் தொடர்ந்து அதையே போடணும்ங்கறாங்க. ரெண்டு சர்வீஸ்ல கண்ணாடின்னு சொன்ன அந்த பையன் ஆயில் கம்பெனிக்காரனையே மிஞ்சிட்டான்.

குடியாத்தம்_டர்போ:

நடுவுல ஒரு டவுட். எனக்கு பிஎஸ்6 டீசல் வண்டி, 2021. ஆயில் குறையுறது தானே கேள்விப்பட்டிருக்கோம், எனக்கு ஸ்டிக்ல லெவல் ஏறுது. மாத்தினப்ப மேல் கோட்டுக்கு கீழ இருந்துச்சு, 4,000 கி.மீ.ல கோட்ட தாண்டி நிக்குது. யாராவது ராத்திரி வந்து ஊத்திட்டு போறாங்களா?

ஷெட்டு_ராணிப்பேட்டை:

டீசல் சேருது. உங்களுதுல டிபிஎஃப் இருக்கும், சைலன்ஸர் லைன்ல புகைக்கரி பிடிக்கிற டப்பா. அது நிறைஞ்சதும் வண்டியே கூடுதலா டீசல் தெளிச்சு சூடாக்கி எரிக்கும். நீங்க குடியாத்தம் உள்ளயே அஞ்சு அஞ்சு கி.மீ. ஓட்டினா எரிக்க ஆரம்பிச்சு பாதியில நிறுத்திடுவீங்க, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா சேம்பருக்கு எறங்கிடும். வாரத்துக்கு ஒரு நாள் ஹைவேல அரை மணி நேரம் சீரா ஓட்டுங்க, லெவல் கோட்ட தாண்டிட்டா யோசிக்காம மாத்திடுங்க, நீர்த்துப்போன ஆயில் எந்த பிராண்டா இருந்தாலும் ஆயில் இல்ல. டிபிஎஃப் வண்டிக்குன்னு சாம்பல் கம்மியா விடற ஆயில் இருக்கு, புக்ல சி2, சி3ன்னு எதாவது போட்டிருக்கும், அதையே வாங்குங்க. மலிவா கெடைக்குதுன்னு லாரி ஆயில் ஊத்திடாதீங்க. தனியா ஒரு கேள்வி போடுங்க, இங்க வேகன் ஆர் கதை ஓடுது.

சத்துவாச்சாரி தம்பி, செய்ய வேண்டியது இது தான். முதல்ல டேப்பட் கவர கழட்டி உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாருங்க, மூடி ஓட்டை வழியா பாத்து முடிவு பண்ணாதீங்க. மூடி தான் இன்ஜின்லயே குளிர்ச்சியான இடம், ஈரம் அங்க தான் முதல்ல படியும், அதனால மூடி மோசமா இருந்து உள்ள பரவால்லாம இருக்கறதும் உண்டு. பிசுக்கு மெத்துன்னு இருந்தா பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர்ல கையால வழிச்சு எடுக்கறது. சேம்பர எறக்கி ஜாலியையும் மண்ணெண்ணெயில கழுவிடறது. பிசிவி வால்வ கழட்டி காதுகிட்ட வெச்சு ஆட்டினா கடகடன்னு சத்தம் வரணும், வரலைன்னா அடைச்சிருக்கு, வெல குறைச்சல் தான் மாத்திடுங்க, பாதி பேரு இத தொடறதே இல்ல. அப்புறம் புக்ல போட்ட கிரேடுல நல்ல ஆயில் ஊத்தி 1,500ல எறக்கிடுங்க, மறுபடி ஊத்தி 3,000ல எறக்குங்க, ஒவ்வொரு தடவையும் ஃபில்டரோட. அப்புறம் 6 மாசத்துக்கு ஒரு தடவை, கி.மீ. பாக்காதீங்க.

ஆம்பூர்_20டபிள்யூ40:

சரி திக் ஆயில் விஷயத்துல நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன், 800க்கு மட்டும் வாபஸ் இல்ல 😄 ஆனா ஒண்ணு, நான் இத்தனை வருஷமா 5,000த்துக்கு ஒரு தடவை மாத்தறேன், அப்பா காலத்துலேருந்து அதே பழக்கம். அதனால தான் மினரல் ஆயில்லயே ஓடுதோ என்னவோ.

கெமிஸ்ட்ரி_மேம்:

அதே தான் பாய். மருந்து கம்மியான ஆயில சீக்கிரம் மாத்தினா ஒரு கணக்கு, மருந்து ஜாஸ்தியான ஆயில லேட்டா மாத்தினா ஒரு கணக்கு. மருந்து ஜாஸ்தி இருக்கேன்னு மூணு வருஷம் விட்டா தான் எந்த கணக்கும் நிக்காது.

சத்துவாச்சாரி_வேகன்:

அஞ்சு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டு தான் எழுதணும்னு இருந்தேன்.

ராணிப்பேட்டைக்கே ஓட்டிட்டு போயிட்டேன், ஷெட்டு அண்ணன்கிட்ட. கவர தூக்கினதும் எனக்கு பக்குன்னு ஆச்சு, ஆனா அவர் சிரிச்சுட்டு "இதுக்கா பயந்த"ன்னாரு. கவருக்கு உள் பக்கம் மட்டும் நல்லா விரல் தடிமன்ல பிசுக்கு, கேம் ஷாஃப்ட் பக்கம் கம்மி, ஓரத்துல பள்ளமா இருக்கிற எடத்துல தேங்கி நிக்குது. இட்லி மாவு கிண்டற மாதிரி ஒரு பழைய கரண்டி வெச்சிருக்காரு, பிளாஸ்டிக், அதால வழிச்சு வழிச்சு நியூஸ் பேப்பர்ல போட்டாரு, ஒரு கைப்பிடி வந்துச்சு. சுருட்டி கீழ வெச்சாரு, கனம் பாத்தா ஒரு எலவம்பாடி கத்திரிக்கா அளவுக்கு இருக்கும். ஓட்டை எல்லாம் துணி வெச்சு அடைச்சுட்டு தான் வழிக்கறாரு, ஒரு துண்டு கூட உள்ள விழக்கூடாதாம், அதுக்கு நடுவுல டீ வந்தப்ப கூட கைய எடுக்கல.

சேம்பர் எறக்கினா ஜாலியில கால்வாசி அடைச்சிருந்துச்சு. அத பாத்தப்ப தான் எங்க தெரு முனை ஃபிளஷ் டப்பா நெனப்பு வந்துச்சு. பிசிவி வால்வ காதுகிட்ட ஆட்டினேன், சத்தமே இல்ல, ஊமையா இருந்துச்சு. மாத்தியாச்சு.

எஸ்பி போட்ட 5டபிள்யூ-30 ஊத்தினோம். அண்ணன் சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓட்டம் வெச்சேன், ஒரு வாரம் ஆற்காடு வழியா ஆரணி, ஒரு வாரம் சித்தூர், ஒரு வாரம் வாணியம்பாடி போய் பிரியாணி சாப்ட்டுட்டு திரும்பினோம், வீட்ல எல்லாரும் வண்டி வாங்கினதுலேருந்து இப்ப தான் எங்கயாவது கூட்டிட்டு போறன்னு சந்தோஷம். 1,500ல எறக்கினப்ப ஆயில் நல்ல கருப்பு. முன்னாடி இருந்தா பயந்திருப்பேன், மேம் சொன்னது ஞாபகம் வந்து, சரி வேலை செஞ்சிருக்குன்னு நெனச்சேன். மூடிய திறந்து பாத்தா நுரை இல்ல. கவருக்குள்ள பழுப்பு கறை அப்படியே தான் இருக்கு, அது போகலை, போகும்னும் தோணல, அண்ணன் அது இருந்துட்டு போகட்டும்னுட்டாரு.

ஒண்ணே ஒண்ணு, கவர் மாட்டின ஓரத்துல, ஸ்பார்க் ப்ளக் பக்கமா, லேசா ஆயில் ஈரம் தெரியுது. போல்ட்ட கொஞ்சம் இறுக்கி விடட்டுமா?

ஷெட்டு_ராணிப்பேட்டை:

இறுக்காதீங்க! ரப்பர் கேஸ்கெட் அது, இறுக்கினா பிதுங்கி இன்னும் கசியும், இல்ல போல்ட் திரெட் போயிடும். அன்னைக்கு வழிஞ்சத நான் சரியா துடைக்காம விட்டிருப்பேன். துணியால சுத்தமா துடைச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டி பாருங்க, மறுபடி ஈரம் வந்தா வண்டிய எடுத்துட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை வேணாம், அன்னைக்கு எங்க பொண்ணுக்கு காது குத்து.

பாலாறு_டாக்ஸி:

காது குத்துக்கு எங்களுக்கு பத்திரிகை இல்லியா இன்னா?